தெற்கு சூடானில் ஓர் அடிபம்பு

தெற்கு சூடானுக்குப் போன அக்கா எங்களுக்கு அனுப்பிய முதல் படத்தில் ஓர் அடிபம்பு இருந்தது. அதைச் சுற்றி நெடுநெடுவென்று உயர்ந்த பெண்கள், வரிசையாக மஞ்சள் கேன்கள், கேனைப் போட்டு இடம் பிடித்துவிட்டு வேப்பமர நிழலில் விளையாடும் பிள்ளைகள். எங்கள் தெருவில் எடுத்த படமோ என்று ஒரு நிமிஷம் தோன்றியது. சின்ன வயதில் நானும் அக்காவும் அதே மாதிரிப் பம்பில் தொங்கித்தான் தண்ணீர் அடித்திருக்கிறோம். ஒருத்தர் பலத்துக்குக் கைப்பிடி கீழே வராது, இரண்டு பேரும் சேர்ந்து குதிப்போம். படத்துக்குக் கீழே அக்கா எழுதியிருந்தாள்: "அதே பம்புதாம்ல. சத்தம்கூட அதே சத்தம்."

அக்கா என்றால் பெரியம்மா மகள். கன்னியாஸ்திரி, நர்ஸ். எங்கள் குடும்பத்தில் அப்பா பக்கம் சி.எஸ்.ஐ., அம்மா பக்கம் ஆர்.சி. திருநெல்வேலிப் பக்கம் இப்படிக் குடும்பங்கள் நிறைய உண்டு. அப்பாவைப் பெற்ற ஆச்சி உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் போட்டு, மாதக் கடைசியில் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாள். மிஷனெரிகளுக்கான அரிசி அது. பெரியம்மா வீட்டில் மறைபரப்பு ஞாயிறு உண்டியல். இரண்டு வீட்டிலும் 'மிஷன்' என்றால் இங்கிருந்து ஏதோ ஒன்று எங்கேயோ போகிறது என்றுதான் எனக்குப் பதிந்திருந்தது. 2011-ல் தெற்கு சூடான் தனி நாடானது. அடுத்த சில மாதங்களில் அக்கா கிளம்பிப் போனாள். பஹ்ர் எல் கஸால் பகுதியில், டோஞ்ச் ஊரைத் தாண்டி ஒரு சின்ன மருந்தகம். பதினோரு வருஷம் அங்கே இருந்தாள்.

அந்தப் பம்பின் கதையை நான் ரொம்பப் பிந்தித்தான் தெரிந்துகொண்டேன். அதற்குப் பெயர் இந்தியா மார்க் 2. மகாராஷ்டிராவில் வறட்சிக் காலத்தில் ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போட்டவர்களில் மிஷன் ஆட்களும் இருந்தார்கள். ஒரு வீட்டுக்கு என்று செய்த வார்ப்பிரும்புப் பம்பை ஒரு கிராமமே நாள் முழுக்க அடித்தால் அது எத்தனை நாள் தாங்கும்? உடைந்துகொண்டே இருந்தது. அதனால் ஜால்னாவிலும் சோலாப்பூரிலும் உறுதியான பம்புகளை அவர்களே வடிவமைத்தார்கள். அந்த வழியில் வந்ததை யூனிசெஃப்பும் இந்தியப் பொறியாளர்களும் இன்னும் சீராக்கி, 1970களில் கோயம்புத்தூர் பக்கத்து ஊர்களில் நட்டுச் சோதித்தார்கள். சென்னையில் ரிச்சர்ட்சன் அண்ட் குருடாஸ் கம்பெனியில் அது உற்பத்தியானது. அப்புறம் கடல் தாண்டி ஆப்பிரிக்காவில் பல நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. மிஷன் வேலை இப்படியும் பயணம் போகும் என்பது எனக்குப் புதிதாக இருந்தது.

ஆனால் அக்கா அங்கே போய்ச் சேர்ந்தபோது சுற்று வட்டாரத்தில் ஓடாத பம்புகள்தான் அதிகம் கண்ணில் பட்டனவாம். ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு பலகை. எந்த நாட்டுச் சபை, எந்த நிறுவனம், எந்த வருஷம் கொடுத்தது என்று எழுதியிருக்கும். "பலகை அப்படியே இருக்கு தம்பி, தண்ணிதான் வரல" என்றாள் ஒருமுறை போனில். பெரிய கோளாறு ஒன்றும் கிடையாது, வாஷர் தேய்ந்திருக்கும். ஆனால் அந்த வாஷரை மாற்ற, பூமிக்குள் இருக்கும் பைப்பையும் கம்பியையும் மொத்தமாக மேலே தூக்க வேண்டும். அதற்கு ஏழெட்டு ஆள் வேண்டும், சாமான் வேண்டும், முக்கியமாக வாஷர் வேண்டும். அது எந்தக் கடையிலும் கிடைக்காது. பம்பைக் கொடுத்தவர்கள் வாஷரைப் பற்றி யாரிடமும் பேசிவிட்டுப் போகவில்லை.

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் தெற்கு சூடான் திருச்சபையின் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். வாசிக்க வாசிக்க, அந்த வாஷர் கேள்வியே திரும்பத் திரும்ப வந்தது.

முதலில் அந்த மண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். நைல் ஓரத்துச் சமவெளி முழுக்கக் களிமண். கோவில்பட்டிக் கரிசலை நினைத்துக்கொள்ளுங்கள். மழைக்கு முன்னால் வெடித்துக் கிடக்கும், மழை பெய்தால் காலைப் பிடித்து இழுக்கும். ஏறக்குறைய மே முதல் அக்டோபர் வரை பல ஊர்களுக்கு வண்டி போகாது. டிங்கா, நூயர் என்ற இரண்டு பெரிய இனங்களும் மாட்டோடு வாழ்பவர்கள். மழைக்கு மேட்டு நிலம், கோடைக்கு ஆற்றங்கரைப் புல்வெளி என்று மாட்டின் பின்னால் ஊரே நகரும். நம்மூரில் மயிலை, செவலை, காரி என்று சொல்வதுபோல டிங்கா மொழியில் மாட்டின் நிறத்துக்கும் புள்ளிக்கும் அவ்வளவு சொற்கள். அந்தச் சொற்களையே ஆண்களுக்குப் பெயராக வைப்பார்கள். விடுதலைப் படையின் தலைவராக இருந்த ஜான் கராங் டி மபியோர் பெயரில் வரும் மபியோர், வெள்ளைக் காளையைக் குறிக்கும் சொல். பெண்ணுக்குப் பரிசமும் மாடுதான். மாடு இல்லாத இளைஞனுக்குக் கல்யாணம் இல்லை. மாட்டைக் கவர்வது காலங்காலமாக இருந்தது. ஈட்டியோடு போனவர்கள் ஏ.கே.47-ஓடு போக ஆரம்பித்ததும் அது கொலைக்களமாக மாறியது.

இந்த மண்ணுக்கு மிஷனெரிகள் வந்து ரொம்ப காலமாகிறது. 1850களில் கத்தோலிக்கக் குருக்கள் நைல் வழியே வந்து, ஒருவர் பின் ஒருவராகக் காய்ச்சலில் இறந்தார்கள். அதில் பிழைத்துத் திரும்பியவர் டேனியல் கொம்போனி. இத்தாலிக்காரர். ஐரோப்பியர்கள் இங்கே வந்து செத்துக்கொண்டே இருப்பதால் ஒன்றும் நடக்காது, ஆப்பிரிக்காவை ஆப்பிரிக்கர்களைக் கொண்டுதான் மீட்க வேண்டும் என்று 1864-லேயே ஒரு திட்டம் எழுதினார். 1881-ல் கார்ட்டூமில் அவரும் இறந்தார். அப்புறம் 1905, 1906 வாக்கில் சி.எம்.எஸ். என்ற இங்கிலாந்து ஆங்கிலிக்கன் மிஷனெரி சங்கத்து ஆட்கள் வந்து, பொர் நகரத்துக்குத் தெற்கே மலெக் என்ற இடத்தில் இறங்கினார்கள். 1820-ல் ரேனியஸ் ஐயரைப் பாளையங்கோட்டைக்கு அனுப்பிய அதே சி.எம்.எஸ். அவர்களில் ஆர்ச்சிபால்ட் ஷா என்பவர் மட்டும் முப்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே தங்கிவிட்டார். டிங்கா மக்கள் அவருக்கு மச்சூவொர் என்று பெயர் வைத்தார்கள். அது மாட்டின் நிறப்பெயர். ஒரு வெள்ளைக்காரருக்கு மாட்டுப் பெயர் வைத்தார்கள் என்றால், இவர் நம்ம ஆள் என்று அவர்கள் முடிவுகட்டிவிட்டார்கள் என்று அர்த்தம்.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பிரிட்டிஷ் நிர்வாகம் வரைபடத்தில் கோடு போட்டு, வெள்ளை நைலுக்கு மேற்கே கத்தோலிக்கர், கிழக்கே சி.எம்.எஸ்., சோபாட் ஆற்றுப் பக்கம் அமெரிக்க பிரெஸ்பிடேரியன் சபை என்று பிரித்துக் கொடுத்தது. அங்கே வாழ்ந்தவர்களைக் கேட்கவில்லை. பள்ளிக்கூடம் நடத்தும் பொறுப்பையும் மிஷன்கள் தலையில் கட்டிவிட்டு, குறைந்த செலவில் தெற்கைச் சமாளித்தது. வடக்கில் அரபி, தெற்கில் ஆங்கிலம், நடுவில் பெரிய சுவர். பின்னால் வந்த சண்டைகளுக்கு அந்தச் சுவரும் ஒரு காரணம். நம் சபைகளில் மிஷனெரி கதை சொல்லும்போது இந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடுகிறோம். அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்வது நியாயமில்லை என்று நினைக்கிறேன்.

1956-ல் சூடான் சுதந்திரம் பெற்றது. அதற்கு முந்தின வருஷமே தெற்கில் கலகம் தொடங்கிவிட்டது. கலகத்துக்கு மிஷனெரிகள்தான் தூபம் போடுகிறார்கள் என்று ஜெனரல் அபூதின் ராணுவ ஆட்சி 1964-ல் தெற்கிலிருந்த வெளிநாட்டு மிஷனெரிகள் அத்தனை பேரையும் வெளியேற்றியது. சுமார் 300 பேர். சில வாரங்களுக்குள் மருத்துவமனை, பள்ளி, அச்சகம், கோயில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர்கள் போக வேண்டியிருந்தது. அந்த மண்ணைச் சேர்ந்த முதல் ஆயர்களான டேனியல் டெங் அடோங் ஆங்கிலிக்கன் சபையிலும் இரேனேயுஸ் டுட் கத்தோலிக்க சபையிலும் 1955-ல்தான் அபிஷேகம் பெற்றிருந்தார்கள். உள்ளூர்க் குருக்கள் கொஞ்சம் பேர். வெளியிலிருந்து பார்த்தவர்கள் சபை அவ்வளவுதான் என்று நினைத்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை.

நடந்தது வேறு. உபதேசியார்கள் இருந்தார்கள். நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்பு படித்தவர்கள். சம்பளம் நின்றுபோன பிறகும் மரத்தடியில் ஜனத்தைக் கூட்டி ஜெபித்தார்கள், பிள்ளைகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுத்தார்கள், ஊரே காட்டுக்குள் ஓடியபோது கூட ஓடினார்கள். அகதி முகாமிலும் அவர்களே பாட்டுக் கட்டினார்கள். இரண்டாவது உள்நாட்டுப் போர் நடந்த 1983-க்கும் 2005-க்கும் இடையில், மிஷனெரிகள் அரை நூற்றாண்டில் சேர்க்காத அளவுக்கு மக்கள் சபையில் சேர்ந்தார்கள். பொர் பகுதி டிங்காக்களிடம் ஆண், பெண், குழந்தை எல்லார் கையிலும் சிலுவை. மரத்தில் செதுக்கியது, சுட்டுத் தள்ளிய தோட்டாக் கூட்டைத் தட்டி ஒட்டியது. ஆயர் நதானியேல் கராங் காட்டுக்குள்ளேயே அவர்களோடு இருந்து ஞானஸ்நானம் கொடுத்துக்கொண்டு நடந்தார். அக்கா ஊருக்கு வந்தபோது அப்படி ஒரு பித்தளைச் சிலுவை கொண்டுவந்தாள். பெரியம்மா வீட்டுச் சுரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் தோட்டாவின் வட்ட விளிம்பு அப்படியே தெரியும்.

இனி வுன்லித். டிங்காவும் நூயரும் சமாதானம் பேசிய இடம். இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

1991-ல் எஸ்.பி.எல்.ஏ. என்ற விடுதலைப் படை இரண்டாக உடைந்தது. ஜான் கராங் டிங்கா, பிரிந்துபோன ரிக் மச்சார் நூயர். தலைவர்களின் சண்டை இனச் சண்டையாக இறங்கியது. அந்த வருஷக் கடைசியில் மச்சார் பக்கத்து நூயர் படைகள் பொர் பகுதியில் செய்த படுகொலையில் சுமார் 2,000 பேர் செத்தார்கள் என்று அம்னெஸ்டி மனித உரிமை அமைப்பு கணக்கு சொன்னது. அப்புறம் எட்டு வருஷம் பழிக்குப் பழி. மாடுகள் போயின, பெண்களும் குழந்தைகளும் கடத்தப்பட்டார்கள், இரண்டு இனத்துக்கும் பொதுவாக இருந்த புல்வெளியும் மீன்பிடிக் குட்டைகளும் ஆளில்லாமல் கிடந்தன. வடக்கோடு நடந்த போரில் செத்தவர்களைவிடத் தெற்கத்தியர் தங்களுக்குள் அடித்துக்கொண்டு செத்தவர்கள் அதிகம் என்று அந்த ஜனங்களே பேசிக்கொண்ட காலம் அது.

புதிய சூடான் திருச்சபைகள் மன்றம் என்று ஓர் அமைப்பு இருந்தது. கத்தோலிக்கர், ஆங்கிலிக்கர், பிரெஸ்பிடேரியன் எல்லாரும் சேர்ந்தது. அவர்கள் படைத் தலைவர்களை விட்டுவிட்டு ஊர்த் தலைவர்களிடம் போனார்கள். 1998 ஜூனில் கென்யா எல்லையில் லோகிச்சோகியோவில் டிங்கா, நூயர் தலைவர்களை முதன்முதலாக ஒன்றாக உட்கார வைத்தார்கள். அதன்பிறகு செய்ததுதான் என்னை அசர வைத்தது. பெரிய மாநாட்டுக்கு முன்னால், டிங்கா தலைவர்கள் சிலர் நூயர் ஊருக்குப் போனார்கள், நூயர் தலைவர்கள் டிங்கா ஊருக்கு வந்தார்கள். திரும்பி உயிரோடு வருவோமா என்று தெரியாமல் போன பயணம். போன இடத்தில் அவர்களை உட்கார வைத்து மாடு அடித்து விருந்து வைத்தார்கள்.

அப்புறம் டிங்கா பகுதியில் வுன்லித் என்ற இடத்தில், பொட்டலில், மாநாட்டுக்காகப் புது ஊரே கட்டினார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குடிசைகள், புல் வேய்ந்த கூட்டக் கொட்டகை, தண்ணீருக்கு ஆழ்துளைக் கிணறுகள். 1999 பிப்ரவரி 27-ல் தொடங்கி மார்ச் 8 வரை நடந்தது. முதல் நாள் ஒரு பெரிய வெள்ளைக் காளையைக் கட்டி வைத்து, டிங்கா, நூயர் பூசாரிகள் ஈட்டியோடு அதைச் சுற்றி வந்து சாபம் இட்டார்கள். இந்தச் சமாதானத்தை எவன் உடைக்கிறானோ அவன் இந்தக் காளை மாதிரிப் போகட்டும் என்று. காளையை வெட்டிச் சாய்த்தார்கள். பக்கத்தில் ஆயர்களும் போதகர்களும் நின்று ஜெபம் செய்தார்கள்.

இதை எங்கள் சேகரத்தில் ஒரு பெரியவரிடம் சொன்னபோது முகம் சுளித்தார். பலி கொடுக்கிற இடத்தில் குருவானவருக்கு என்ன வேலை என்று கேட்டார். அவர் கேள்வியை நான் ஒதுக்கிவிடவில்லை. பொர் பகுதியில் 1990களின் நடுவில் ஜனங்கள் பழைய ஆவி வழிபாட்டுப் பொருள்களைக் கொண்டுவந்து குவித்து எரித்திருக்கிறார்கள். அதுவும் அதே திருச்சபைதான். ஆனால் வுன்லித்தில் கூடியவர்களில் பலர் கிறிஸ்தவர்கள் இல்லை. அவர்கள் எதன் மேல் சத்தியம் செய்தால் அதை மீறப் பயப்படுவார்களோ, அதன் மேல்தான் சத்தியம் வாங்க முடியும். சபை அந்த இடத்தைத் தனதாக்கிக்கொள்ளாமல் பக்கத்தில் நின்றது. நான் பார்த்த அளவில் அதுதான் விசுவாசத்தின் தைரியம். அந்தப் பெரியவர் இன்றுவரை ஒத்துக்கொள்ளவில்லை.

பேச்சு எப்படி நடந்தது தெரியுமா? முதலில் ஒரு இனம் தன் துக்கத்தை எல்லாம் கொட்டித் தீர்க்கும். எந்த ஊர், எத்தனை மாடு, யார் மகள், எந்தக் கோடையில் என்று பெயர் சொல்லிச் சொல்லும். எதிர் இனம் வாயைத் திறக்கக் கூடாது, கேட்க வேண்டும். அது முடிந்ததும் இவர்கள் முறை. நாள் கணக்கில் இப்படியே போனது. அதன் பிறகுதான் தீர்வுப் பேச்சு. கடத்திக்கொண்டு போன பெண்ணுக்கு அங்கே பிள்ளை பிறந்திருந்தால் என்ன செய்வது, அவளைத் திருப்பி அனுப்புவதா, முறைப்படி பரிசம் கட்டி உறவாக்குவதா? மேய்ச்சல் நிலத்தை எப்படித் திறப்பது, எல்லையில் யார் காவல்? கடைசியில் 300-க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தார்கள். 1999 ஜனவரி 1-க்கு முன்னால் நடந்த குற்றங்களுக்குப் பொது மன்னிப்பு என்று முடிவானது. அந்த எல்லையில் சில வருஷங்கள் கொள்ளை அடங்கியது, விட்டுப்போன ஊர்களுக்கு ஜனம் திரும்பியது.

விமானத்துக்குப் பணம், கொட்டகைக்குப் பணம், சாப்பாட்டுக்குப் பணம் எல்லாம் பெரும்பாலும் வெளிநாட்டு சபைகளும் நிறுவனங்களும் கொடுத்ததுதான். வில்லியம் லவ்ரி என்ற அமெரிக்க பிரெஸ்பிடேரியன் போதகர் ஏற்பாட்டில் கூடவே இருந்தார். ஆனால் பேசியவர்கள் அந்த ஊர்க்காரர்கள். பேச்சின் முறையும் அவர்களுடையது, சத்தியமும் அவர்களுடையது. வெளியிலிருந்து வந்தவர்கள் கொட்டகை போட்டுக் கொடுத்துவிட்டு ஓரமாக உட்கார்ந்து கேட்டார்கள். கூட்டு ஊழியம் என்று நாம் மேடையில் பேசுகிற சொல்லுக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

வெள்ளாளன்விளைக்காரர் ஒருவர் இதைத்தான் 1910-லேயே கேட்டார். வி.எஸ். அசரியா. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர், பின்னால் 1912-ல் டோர்னக்கலில் முதல் இந்திய ஆங்கிலிக்கன் பேராயர் ஆனவர். எடின்பரோவில் நடந்த உலக மிஷனெரி மாநாட்டில், உலகத்து மிஷன் தலைவர்கள் எல்லாம் உட்கார்ந்திருக்க, உங்கள் தியாகத்துக்கு இந்தியச் சபை என்றென்றும் நன்றியோடிருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள். ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உடலைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம் என்றார். வேதத்தில் அன்பைப் பற்றிச் சொல்லும் ஒன்று கொரிந்தியர் பதின்மூன்றை அவர்களுக்கே திருப்பிச் சொன்னார். எங்கள் பக்கம் அசரியா பெயரில் பெருமைப்படாத சபை இல்லை. ஆனால் இப்போது அனுப்புகிற இடத்தில் நாமும் இருக்கிறோம். அந்தக் கேள்வி இன்று நம்மைப் பார்த்தும் கேட்கப்படுகிறது.

நண்பர்களாக இருந்தவர்களும் உண்டு. இங்கிலாந்தில் சாலிஸ்பரி மறைமாவட்டம் 1970களின் தொடக்கத்திலிருந்து சூடான் சபையோடு உறவு வைத்திருக்கிறது. போர் நடந்தபோதும் போகவர இருந்தார்கள், மருந்துக்கும் படிப்புக்கும் உதவினார்கள். டோரிட் ஆயராக இருந்த பரீடே தபான், 2004-ல் ஓய்வு பெற்றதும் வீட்டில் உட்காராமல், கூரோன் என்ற ஒதுக்குப்புறமான இடத்தில் சமாதான கிராமம் ஒன்றை உருவாக்கினார். ஆற்றுக்கு ஒரு பாலம், பள்ளி, மருந்தகம், தோட்டம். ஒருவர் மாட்டை ஒருவர் கவர்ந்துகொண்டிருந்த இனங்களின் பிள்ளைகள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பணம் கொடுத்தவர்கள் வெளிநாட்டவர், இடத்தையும் வேலையையும் தீர்மானித்தவர் அவர். 2023 நவம்பரில் இறந்துபோனார்.

கெட்ட எண்ணம் இல்லாமலே கெடுத்தவர்களும் உண்டு. 1990களில் வடக்கத்திக் கொள்ளைக் கூட்டங்கள் டிங்காப் பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாகப் பிடித்துக்கொண்டு போனபோது, மேற்கத்தியக் கிறிஸ்தவக் குழுக்கள் சில பணத்தோடு விமானத்தில் வந்து, தலைக்கு இவ்வளவு என்று கொடுத்து அவர்களை மீட்டன. வாசிக்கும்போது கண்ணீர் வரும். ஆனால் டாலர் வருகிறது என்று தெரிந்தால் அந்த வியாபாரம் வளரத்தானே செய்யும்? யூனிசெஃப் 1999-ல் இதை வெளிப்படையாகக் கண்டித்தது. மீண்டு வந்த ஒரு பிள்ளையின் தாயிடம் போய் அது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அந்த ஊர்த் தலைவர்களோடு உட்கார்ந்து மாதக்கணக்கில் பேசும் பொறுமை இருந்திருந்தால் வழி வேறாக இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

2013 டிசம்பரில், நாடு பிறந்து இரண்டரை வருஷத்தில், தலைநகர் ஜூபாவில் மறுபடியும் சண்டை. அதிபர் சல்வா கீர் ஒரு பக்கம், அதே ரிக் மச்சார் மறுபக்கம். வுன்லித்தில் ஊர்கள் செய்த சமாதானத்தைத் தலைநகரம் காலில் போட்டு மிதித்தது. அந்தக் கிறிஸ்துமசுக்குப் பெரியம்மா வீட்டில் நட்சத்திரம் கட்டவில்லை. 2016 ஜூலையில் ஜூபாவில் திரும்பவும் வெடித்தபோது இந்திய அரசு விமானப்படை விமானங்களை அனுப்பி இந்தியர்களை அழைத்துவந்தது. விமானம் முதலில் திருவனந்தபுரத்தில் இறங்கும் என்று செய்தியில் சொன்னார்கள். பெரியப்பா அன்று மாலையே வாடகைக் கார் பேசிவிட்டார். வள்ளியூரிலிருந்து திருவனந்தபுரம் என்ன தூரம்? நாங்கள் கிளம்பும் நேரத்தில் அக்காவிடமிருந்து ஒரு வரி வந்தது: "ஜூபாவுக்கே ரோடு இல்ல. இருந்தாலும் வரமாட்டேன்பா. இங்க மூணு பேருக்குப் பிரசவ நேரம்." பெரியப்பா காரைத் திருப்பி அனுப்பவில்லை. அதில் ஏறி நேரே கோயிலுக்குப் போய், பூட்டின கதவுக்கு முன்னால் படியில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார்.

2019 ஏப்ரலில் போப் பிரான்சிஸ் வத்திக்கானில் அந்த இரண்டு தலைவர்கள் முன்னாலும் முழங்காலிட்டுக் காலை முத்தமிட்ட காட்சியை உலகமே பார்த்தது. 2023 பிப்ரவரியில் அவரும், கேன்டர்பரி பேராயர் ஜஸ்டின் வெல்பியும், ஸ்காட்லாந்து திருச்சபையின் தலைவர் இயன் கிரீன்ஷீல்ட்ஸும் சேர்ந்தே ஜூபாவுக்குப் போனார்கள். மூன்று சபைகள் ஒரே பயணத்தில். வெள்ளை நைலின் கரையில் சபைக்கு ஒரு பக்கம் என்று கோடு போட்டுப் பிரித்த காலத்தை நினைத்துப் பார்த்தால் அது சின்ன விஷயம் இல்லை. அதே சமயம், திருச்சபைக்குள்ளும் காயம் ஆறவில்லை. 2021-ல் ரும்பெக் ஆயராக நியமிக்கப்பட்டிருந்த கிறிஸ்டியன் கார்லசாரேயை இரவில் அவர் அறைக்கே வந்து காலில் சுட்டார்கள். தண்டனை பெற்றவர்களில் அந்த மறைமாவட்டத்துக் குரு ஒருவரும் இருந்தார். ஆயர் ஒரு வருஷம் கழித்து, ஊன்றி நடக்கப் பழகி, அதே ரும்பெக்குக்குப் போய் அபிஷேகம் பெற்றார். 2025 மார்ச்சில் மறுபடியும் குண்டு விழ ஆரம்பித்தது, மச்சாரை வீட்டுக்காவலில் வைத்தார்கள்.

அக்கா 2022-ல் உடம்பு முடியாமல் திரும்பி வந்துவிட்டாள். வரும் முன்னால் செய்த கடைசி வேலைகளில் ஒன்று, பம்புக்காக ஏழு பேரைச் சேர்த்து ஒரு குழு அமைத்தது. அதில் நாலு பேர் பெண்கள். பைப்பைத் தூக்கவும், இணைப்பைக் கழற்றவும், வாஷர் மாற்றவும் மூன்று முறை அவர்களைக் கொண்டே செய்ய வைத்தாளாம். நைரோபியிலிருந்து வாஷர் வாங்கி ஒரு டப்பாவில் போட்டு, சாவியை அந்தப் பெண்களிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

போன வருஷம் ஒருநாள் சாயங்காலம் நான் பெரியம்மா வீட்டில் இருக்கும்போது போன் வந்தது. அக்காவிடம் வேலை கற்று இப்போது அந்த மருந்தகத்தைப் பார்த்துக்கொள்கிற பெண். டிங்காவில் நலம் விசாரிப்பது லேசில் முடியாது. நீ எப்படி, வீடு எப்படி, மாடு எப்படி, மழை எப்படி என்று போய்க்கொண்டே இருந்தது. அப்புறம் அக்கா சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். பம்பு நின்றுபோயிருக்கிறது. டப்பாவில் வாஷர் தீர்ந்துவிட்டது, ரோடு மழையில் அறுந்து கிடக்கிறது. அந்தப் பெண்கள் காத்திருக்கவில்லை. மாட்டுத் தோலை ஊறவைத்துப் பழைய வாஷரின் அளவுக்கு வெட்டிப் போட்டு, பைப்பை இறக்கிவிட்டார்கள்.

"கேளு" என்று அந்தப் பெண் போனைப் பம்புப் பக்கம் கொண்டுபோனாள். அக்கா ஸ்பீக்கரில் போட்டாள். ஊர்ச் சத்தத்துக்கு நடுவே கிரீச், கிரீச் என்று வந்தது, அப்புறம் கேனில் தண்ணீர் விழும் சத்தம். பெரியம்மா அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். அக்கா கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு டிங்காவில் ஏதோ சொன்னாள். அங்கே பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது.

என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"சங்கிலிக்குக் கிரீஸ் போடச் சொன்னேன்" என்றாள்.